பாணிகளைத் துறந்த பிக்காசோ

மாற்றம் என்பதை நம்மவர் எளிதில் மெச்சுவதில்லை. ஒருவரைப் புகழ்வதாயின் சொன்ன சொல் மாறாதவர் என்போம். இகழ்வதாயின் பச்சோந்தி என்போம். புலவராயினும் பாடகராயினும் ஒருவருக்கு ஒரு நடை அமைந்து, அந்நடைக்குப் பெயரும் கிடைத்துவிட்டால், ஆயுள் உள்ளளவும் அதனைப் பேணி வருதலே அவருக்கு அழகு என்பது நம் எண்ணம். சித்திரம் தீட்டுவோருக்கும் இவ்விதியையே விதிக்கின்றோம். இவ்விதிக்கு அடங்காதவராய் வாழ்ந்தவர் பாப்லோ பிக்காசோ. 91 ஆண்டு வாழ்ந்து, எழுபது ஆண்டுக்கு மேலாக ஓயாது வரைந்து, ஒரு பாணியிலும் நிலைத்து நில்லாதவர் அவர்.

நாம் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர், சித்திர ஆசிரியரல்லோம். பிக்காசோவின் மூலப் படம் ஒன்றையேனும் நேரிற் கண்டவருமல்லோம். நூல்களில் அச்சாகி வந்த படங்களே எமக்குக் கிட்டியவை. எனினும் இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவைக் கற்பிக்குங்கால் அவர் பெயர் வாராமற் போவதில்லை. அப்போதெல்லாம் மாணாக்கர் இரண்டு வினாக்களைத் தவறாது எழுப்புவர். "இவருக்கு உள்ளதை உள்ளபடி வரையத் தெரியாதா?" என்பது ஒன்று. "இத்தனை பாணிகளுள் இவருடைய சொந்தப் பாணி எது?" என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டாவது வினாவோ ஓவியத்தோடு மட்டும் நிற்பதன்று. ஆதலால் அதனைச் சற்று ஆற அமர ஆராய விரும்புகின்றோம்.

பிக்காசோ 1881ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி ஸ்பெயின் நாட்டின் தென்கரையிலுள்ள மலகா நகரிற் பிறந்தார். தந்தையார் ஹொசே ருயிஸ் பிளாஸ்கோ சித்திர ஆசிரியர். புறாக்களை வரைவதில் பெருவிருப்புடையவர். மகனின் கை தம் கையை விஞ்சியதைக் கண்ட தந்தையார், தம் தூரிகைகளை அவனிடம் ஒப்படைத்துவிட்டார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், மகனுக்கு முதல் ஆசான் அவரே. 1895இல் ஏழு வயதுத் தங்கை தொண்டைக் கரப்பன் நோயால் இறந்தாள். அவ்வாண்டிலேயே குடும்பம் பார்சலோனாவுக்குப் பெயர்ந்தது. சிறுவன் அந்நகரத்து ஓவியக் கல்லூரியிற் சேர்ந்தான்.

அங்கு 1897இல், பதினைந்து வயதில், அவர் தீட்டிய பெரும் படம் ஒன்று உண்டு. 'விஞ்ஞானமும் அறமும்' என்பது அதன் பெயர். நோயுற்ற பெண்ணொருத்தி படுக்கையிற் கிடக்கின்றாள். ஒரு பக்கத்தில் வைத்தியர் நாடி பார்க்கின்றார். மறுபக்கத்தில் கன்னியர் ஒருவர் குழந்தையை ஏந்தி நிற்கின்றார். வைத்தியருக்கு மாதிரியாக அமர்ந்தவர் தந்தையாரே. படுக்கை விரிப்பின் மடிப்பும், நோயாளியின் கைச் சோர்வும் கண்ணாற் கண்டது போலவே அமைந்துள்ளன. மட்ரிட்டில் நடந்த கண்காட்சியில் இப்படம் பாராட்டும் பெற்றது. உள்ளதை உள்ளபடி வரையத் தெரியாதவர் என்று இனி யார் சொல்ல வல்லார்? பதினைந்து வயதிலேயே அவ்வித்தை கைவந்துவிட்டது. அதிலே நின்றிருந்தால் ஸ்பெயின் தேசத்து நல்ல ஓவிய ஆசிரியர்களுள் ஒருவராக முடிந்திருப்பார்.

1900இல் அவர் முதன்முதலாகப் பரிஸ் சென்றார். உடன் சென்றவர் கார்லஸ் கசகேமாஸ் என்னும் நண்பர். மறு ஆண்டு பெப்ரவரியில், காதல் தோல்வியால் மனம் உடைந்த அந்நண்பர் பரிஸ் நகரிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதன் பின்னர் பிக்காசோவின் படங்களில் நீலம் படர்ந்தது. 1901 முதல் 1904 வரையிலான இக்காலத்தை நீலக் காலம் என்பர். இரப்போர், கண்ணிழந்தோர், குளிரில் ஒடுங்கிய தாய்மார் ஆகியோரே அப்படங்களில் வாழ்பவர். கிதார் வாத்தியத்தின் மேற் குனிந்து அமர்ந்திருக்கும் முதியவரின் படம் இன்று சிக்காகோவில் உள்ளது. 'வாழ்வு' என்னும் 1903ஆம் ஆண்டுப் படத்தில் இறந்த நண்பரின் முகத்தையே வைத்தார். அப்படம் தீட்டப்பட்ட துணியின் அடியில் வேறொரு பழைய படம் இருப்பதைப் பிற்காலத்தில் ஊடுகதிர் கொண்டு கண்டறிந்தனர். அது 1900இல் பரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பெற்ற அவரது சொந்தப் படம்! உலகக் கண்காட்சியில் இடம் பெற்ற படத்தின் மேலேயே புதியதைத் தீட்டிவிட்டார். வறுமையும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆயினும் பழைய புகழை அடியில் இட்டு அதன்மேற் புதியதை எழுப்பும் இச்செயல் அவர் வாழ்வு முழுமைக்கும் பொருந்துவதாயிற்று.

1904இல் பரிஸிலேயே குடியேறினார். மொன்மாத்ரைக் குன்றிலிருந்த பழைய மரக் கட்டடம் ஒன்று அவருக்கு வீடும் பட்டறையும் ஆயிற்று. நீலம் மெல்ல மெல்ல ரோசா நிறத்துக்கு இடம் விட்டது. கழைக்கூத்தாடிகளும் சர்க்கஸ் குடும்பங்களும் படங்களிற் புகுந்தனர். 1906இல் வொலார் என்னும் ஓவிய வணிகர் அவருடைய படங்கள் பலவற்றை ஒருங்கே வாங்கினார். பசித்திருந்தவருக்கு வழி பிறந்துவிட்டது. இனி இவ்வாறே வரைந்துகொண்டிருந்தாற் போதும் என்று எவரும் எண்ணியிருப்பர்.

அடுத்த ஆண்டே அவர் அதனைத் துறந்தார். 1907இல் 'அவிஞ்ஞோன் மங்கையர்' என்னும் படம் உருவாயிற்று. இரண்டரை மீற்றர் அளவான துணியில் ஐந்து பெண்கள். உடல்கள் கத்தியால் வெட்டியவை போன்றவை. மூவர் முகங்களிற் பண்டை ஐபீரியச் சிலைகளின் சாயல். ஏனைய இருவர் முகங்கள் ஆபிரிக்க முகமூடிகளை நினைவூட்டுவன. பட்டறைக்கு வந்து பார்த்த நண்பர்களே முகம் சுளித்தனர். மத்தீஸ் சினந்தார், ஜோர்ஜ் பிராக் திகைத்தார். படம் பட்டறையிலேயே கிடந்து, 1916இலேதான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஒன்பது ஆண்டு! விலை போகும் படத்தை விட்டு, நண்பரும் வேண்டாத படத்தை எழுதுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதைப் பிள்ளை குட்டிகளோடு மாத வருவாயில் வாழும் நம்மனோர் நன்குணர்வர்.

திகைத்து நின்ற பிராக்கே பின்னர் அவருக்குத் தோழரானார். இருவரும் கூடி 1908 முதல் 1914 வரை வளர்த்ததே கியூபிசம் என்னும் பாணி. இதனை மாணாக்கருக்கு விளக்குவதற்கு நாம் ஒரு செம்பைக் காட்டுவதுண்டு. செம்பை மேலிருந்து பார்த்தால் வாய் வட்டம். கண்மட்டத்திற் பார்த்தால் அவ்வாய் வெறுங் கோடு. ஆயினும் செம்பை எடுத்துத் தண்ணீர் குடிப்பவனுக்கு இரண்டும் ஒருங்கே தெரியும்; அதன் பின்புறமும் தெரியும். ஓரிடத்தில் நின்று ஒற்றைக் கண்ணாற் பார்ப்பது போல வரைவதை விடுத்து, கை அறிந்ததையும் மனம் அறிந்ததையும் ஒரே பரப்பில் அடுக்கி வைப்பதே கியூபிசத்தின் அடிப்படை. 1912இல் பிக்காசோ மேலும் ஒருபடி சென்றார். பிரம்பு பின்னிய கதிரையின் உருவம் அச்சிட்ட மெழுகுத் துணியைப் படத்திலே ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். கடையில் வாங்கிய பொருளும் ஓவியத்தின் உறுப்பாகலாம் என்னும் வழி அன்று திறந்தது.

1914இல் உலகப் போர் மூண்டது. பிராக் போர்முனைக்குச் சென்றார். பிக்காசோ 1917இல் உரோமாபுரி சென்று, நாட்டிய நாடகம் ஒன்றுக்குத் திரைச்சீலையும் உடைகளும் அமைத்தார். அங்கே ஒல்கா என்னும் ரஷ்ய நாட்டிய நங்கையைக் கண்டு, மறு ஆண்டில் மணந்தார். இப்பொழுது உலகம் கியூபிசத்தை ஏற்கத் தொடங்கியிருந்தது. அவரோ பழைய கிரேக்க உரோமச் சிலைகளைப் போன்ற உருவங்களை வரையலானார். "காலை வாரிவிட்டார்" என்று சீடர்கள் நொந்தனர்.

இரண்டாவது வினாவுக்கு விடை 1921ஆம் ஆண்டுக் கோடையிலே கிடைக்கின்றது. அக்கோடையைப் பரிஸுக்கு அண்மையிலுள்ள பொன்தேன்புளோவில் அவர் கழித்தார். அங்கே 'ஊற்றருகே மூன்று பெண்கள்' என்னும் படத்தைத் தீட்டினார். கருங்கல்லிற் செதுக்கியவை போன்ற கனத்த உடல்கள், கனத்த கைகள். அதே கோடையில், அதே இடத்தில், 'இசைஞர் மூவர்' என்னும் படத்தையும் தீட்டினார். இதிலோ கனமே இல்லை. வண்ணக் கடதாசிகளை வெட்டி ஒட்டியது போன்ற தட்டையான உருவங்கள். நேற்று ஒன்று இன்று ஒன்று என்று பழிக்கவும் இடமில்லை. ஒரே காலத்தில் இரண்டு!

இதைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. நமது புலவர் மரபை எண்ணுவோம். போர்க்களம் பாட வந்த புலவர் பரணி பாடுகின்றார். குழந்தையைப் பாட வந்தவர் பிள்ளைத்தமிழ் பாடுகின்றார். நீதி சொல்ல வெண்பா, கதை சொல்ல விருத்தம். "உமது சொந்த யாப்பு எது?" என்று புலவரை எவரேனும் வினவினாருண்டோ? பொருளுக்கு ஏற்ப யாப்பைத் தேர்தல் புலமையின் அடையாளம் என்றே கொள்கின்றோம். பிக்காசோ வண்ணத்தாற் செய்ததும் அதுவே. ஊற்றருகே நிற்கும் பெண்களுக்கு ஒரு யாப்பு. இசைஞருக்கு வேறொரு யாப்பு. கற்று முடித்த யாப்பெல்லாம் வேண்டும்போது கைக்கு வரும்.

அவ்வாறு வந்ததற்குப் பெருஞ்சான்று 'குவேர்னிக்கா'. 1937 ஏப்ரில் 26ஆம் திகதி, சந்தை கூடும் திங்கட்கிழமை. ஸ்பெயினின் வடபாலுள்ள குவேர்னிக்கா என்னும் சிற்றூரின் மேல், பிராங்கோவுக்குத் துணை வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் சுமார் மூன்று மணி நேரம் குண்டு பொழிந்தன. பரிஸ் பொருட்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் மண்டபத்துக்கு ஒரு படம் எழுதித் தருவதாக முன்னரே ஒப்புக்கொண்டிருந்த பிக்காசோ, செய்தித்தாளில் இச்செய்தியைக் கண்டார். மே முதலாந் திகதி வரையத் தொடங்கி, ஐந்து வாரமளவில் முடித்தார். உயரம் 3.5 மீற்றர், அகலம் ஏறக்குறைய 7.8 மீற்றர். நீலமில்லை, ரோசாவில்லை. கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்பனவே, செய்தித்தாளின் நிறங்கள்.

இப்படத்திலே இறந்த குழந்தையை ஏந்தி வானை நோக்கி ஓலமிடும் தாய் இருக்கின்றாள். குத்துண்டு கதறும் குதிரை இருக்கின்றது; எருது நிற்கின்றது; முறிந்த வாளோடு வீழ்ந்தவன் கிடக்கின்றான்; சாளரத்தினூடே ஒருத்தி விளக்கை நீட்டுகின்றாள்; எரியும் வீட்டில் ஒருத்தி கைகளை உயர்த்துகின்றாள். குண்டு போட்ட விமானத்தை மட்டும் காணோம். "அதை ஏன் வரையவில்லை?" என்று மாணாக்கர் கேட்பதுண்டு. வடபுலத்தில் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் சிறுவராயிருந்த எம்மனோர்க்கு இவ்வினாவுக்கு விடை தேட நூலகம் செல்ல வேண்டுவதில்லை. "பொம்பர் வருது" என்ற கூச்சல் கேட்டதும் அன்னையார் எம்மைப் பங்கருக்குள் தள்ளிவிட்டுத் தாம் இறுதியில் இறங்குவார். அந்த இருட்டில் நாம் கண்டவை, அன்னையாரின் முழங்கையும், யாரோ ஒருவரின் பாதமும், தங்கையின் திறந்த வாயுமே. விமானத்தைக் கண்டோமல்லோம், அதன் இரைச்சலையே கேட்டோம். கீழே இருப்பவர் கண்டதையே பிக்காசோ வரைந்தார். முழு உருவம் எதுவும் கண்ணுக்குத் தோன்றாத அந்நிலையைக் காட்ட, முப்பது ஆண்டுகளுக்கு முன் போத்தலையும் கிதாரையும் வைத்து அவர் பழகிய கியூபிசமே உதவிற்று. உள்ளபடி வரையும் பாணி அங்கே பொய்யாகியிருக்கும்.

ஸ்பெயினில் மக்களுரிமை மீளும் வரை அப்படம் அங்கே செல்லலாகாது என்பது பிக்காசோவின் விருப்பம். நியூயோர்க்கில் நெடுங்காலம் இருந்த படம், பிராங்கோ 1975இல் இறந்த பின்னர், 1981இலே ஸ்பெயின் சேர்ந்தது. இன்று மட்ரிட்டிலுள்ள ரெய்னா சோபியா அரும்பொருளகத்தில் உள்ளது. வரைந்தவர் அதனைத் தம் தாயகத்திற் காணவேயில்லை.

இத்துணை சொன்னோமாயினும் அவரை உத்தமராகக் காட்டுதல் எமது நோக்கமன்று. பாணிகளைத் துறந்தது போலவே, உடன் வாழ்ந்த பெண்களையும் அவர் துறந்தார். அவரோடு வாழ்ந்து இரு மக்களைப் பெற்றுப் பின்னர் 1953இல் தாமே விலகிச் சென்ற ஓவியர் பிரான்சுவாஸ் ஜிலோ, 1964இல் அவ்வாழ்வைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலைத் தடுக்க பிக்காசோ நீதிமன்றம் வரை சென்றும் இயலவில்லை. பாணிக்கு நெஞ்சம் இல்லை; விட்டுச் சென்றாலும் அது நோவதில்லை. மனிதர் அவ்வாறல்லர். இவ்வேறுபாட்டை அவர் அறிந்து நடந்தாரென்று சொல்வதற்கில்லை. மாணாக்கர் அவர் படங்களைப் போற்றும்போது இதனையும் அறிந்திருத்தல் நன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணாக்கன் ஒருவன் சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுத்திருந்தான். அவனுடைய தந்தையார் தோட்டமும் மாடுமாய் வாழ்பவர். ஒருநாள் அவர் கல்லூரிக்கு வந்து, "சேர், இவன் முந்தி ஆளைப் பாத்தா ஆளைப் போலவே கீறுவான், அயலெல்லாம் மெச்சும். இப்ப என்ர முகத்தைக் கீறியிருக்கிறான், ரெண்டு கண்ணும் ஒரு பக்கத்தில. பிள்ளை கெட்டுப் போறானோ எண்டு தாய்க்காரி அழுகிறா. இந்தப் பாடத்தை விடுவிக்கட்டோ?" என்று கேட்டார். அவர் குரலிற் சினமில்லை, அச்சமே இருந்தது. மகனின் எதிர்காலம் பற்றிய அச்சத்துக்கு ஓவிய விளக்கம் கூறுதல் மறுமொழியாகாது.

ஆதலால் நாம் அவருக்கு மாடுகளைக் காட்டினோம். 1945 டிசம்பரிலும் 1946 ஜனவரியிலும் பிக்காசோ பரிஸிலுள்ள முர்லோ என்பவரின் கல்லச்சுப் பட்டறையில், ஒரே எருதை ஒரே கல்லிற் பதினொரு படிநிலைகளில் வரைந்தார். ஒவ்வொரு நிலையிலும் கல்லைத் திருத்தி, மீண்டும் அச்செடுத்தார். முதலாவது எருது நாம் வீதியிற் காணும் எருது போன்றது. இரண்டாவதில் அது பருத்துக் கனக்கின்றது. பின்னர் கோடுகள் உடம்பைப் பகுதி பகுதியாகப் பிரிக்கின்றன. மேலும் மேலும் குறைத்துக் குறைத்துப் பதினோராவதில் எஞ்சுவன சில கோடுகளே: ஒரு முதுகு, நான்கு கால், சிறு தலை, கொம்பு.

அத்தந்தையார் பதினொன்றையும் வரிசையாக நெடுநேரம் பார்த்தார். மாடு அறிந்தவரல்லவா? கடைசிப் படத்தில் விரலை வைத்து, "இதுவும் மாடுதான் சேர். முன்னங்கால் ஊண்டி நிக்கிற விதம் சரி" என்றார். பின்னர் மீண்டும் முதற் படத்துக்கு வந்து, "அப்ப, இந்த முதல் மாட்டைக் கீறத் தெரியாதவனுக்கு அந்தக் கடைசி மாடு வராது. என்ன, சேர்?" என்றார். நாம் ஒரு மணி நேரம் விரிவுரை செய்திருந்தாலும் அதனினும் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டோம். மகன் சித்திரம் பயில்வதற்கு அவர் இசைந்தார், ஒரு நிபந்தனையோடு. மாதம் ஒருமுறையாவது வீட்டு மாட்டை உள்ளபடி கீறிக் காட்ட வேண்டும்! பையனும் அதனைத் தவறாது செய்து வந்தான்.

பழகாத ஒன்றை விட்டு வேறொன்றுக்குத் தாவுதல் ஓட்டம். பழகி முற்றிய ஒன்றை விட்டு மேற்செல்லுதல் வளர்ச்சி. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலத் தோன்றுவதாலேயே பெற்றோரும் ஆசிரியரும் இடர்ப்படுகின்றோம்.

மாறிக்கொண்டே சென்ற அம்மனிதரிடம் மாறாதது ஒன்றும் இருந்தது. தந்தையார் விரும்பி வரைந்த புறாவை அவர் விட்டாரல்லர். 1949இல் பரிஸில் நடந்த உலக சமாதான மாநாட்டின் சுவரொட்டிக்கு அவர் வரைந்த புறாவே பயன்பட்டது. அவ்வாண்டிற் பிறந்த மகளுக்குப் புறா எனப் பொருள்படும் பலோமா என்ற பெயரை இட்டார். 1957இல், 75 வயதில், பழைய ஸ்பானிய ஓவியரான வெலாஸ்குவெஸின் படம் ஒன்றை மீண்டும் மீண்டும் தம் வழியில் எழுதிப் பார்க்கத் தொடங்கி, 58 படங்களை வரிசையாகத் தீட்டினார். அவ்வரிசையின் நடுவே தூரிகையைச் சாளரத்தின் பக்கம் திருப்பி, வீட்டுப் புறாக்களை ஒன்பது படங்களில் வரைந்தார். 1973 ஏப்ரில் 8ஆம் திகதி மூஜான் என்னும் ஊரில் அவர் மறையும் வரை கை ஓயவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் புதிதாய் ஒன்று கீறிக்கொண்டு வந்து காட்டும் நாள் வரும். "முந்தி நல்லாய்க் கீறினாயே" என்று வாய் திறக்குமுன், முந்திக் கீறியதையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்துச் சற்று நேரம் பார்ப்போமாக.